ஒரு காணிக்கு இரண்டு கடிதம்

இஞ்சாருங்கோ,

நாற்பத்திரண்டு வருடமாக உங்களை நான் கூப்பிட்டது இப்படித்தான். கடிதத்திலும் வேறு பெயர் வரவில்லை. ஊருக்கு நீங்கள் மெம்பர் ஐயா, பிறகு தவிசாளர் ஐயா, பிறகு மாகாண சபை உறுப்பினர். எனக்கு நீங்கள் குசினி வாசலில் நின்று, "இன்னும் ரெண்டு பேருக்குத் தேத்தண்ணி கிடக்குமோ?" என்று கேட்கிற மனுசன்.

நீங்கள் போய் ஒரு வருடம் முடிகிறது, அடுத்த மாதம் உங்கள் ஆட்டைத் திவசம். அதற்கு வாசிகசாலைக்காரர் நினைவு மலர் அடிக்கிறார்கள். அட்டையில் உங்கள் படத்துக்குக் கீழே "இல்லையென்று சொல்லாதவர்" என்று போடப்போகிறார்களாம். எனக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். "அக்கா, நல்லதா ரெண்டு வரி எழுதித் தாங்கோ" என்றார் வாசிகசாலைத் தலைவர். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், தேவாரப் புத்தகத்திலும் பழைய பேப்பரிலும் எழுத்தைத் திருத்திக்கொண்டவள் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் விடவில்லை.

மூன்று நாளாக எழுதப் பார்க்கிறேன். நல்லது எழுத நிறைய இருக்கிறது. எங்கள் ஊர் உடையார்கட்டில் எந்த ஒழுங்கையில் மழைத் தண்ணீர் நிற்கும் என்று உங்கள் காலுக்குத் தெரியும். வயல் செய்கிறவர்களின் கமக்காரர் அமைப்பில் தொடங்கினீர்கள். பிரதேச சபையில் இரண்டு முறை இருந்தீர்கள், ஒருமுறை தவிசாளர் கதிரையிலும் இருந்தீர்கள். மாகாண சபைக்கும் போனீர்கள். அந்தச் சபையின் காலம் முடிந்த பிறகு தேர்தல் இன்று வரும் நாளை வரும் என்று காத்திருந்தீர்கள். வரவேயில்லை. ஆனால் காலையில் வருகிற சனம் குறையவில்லை. புது முத்திரை செய்யக் கொடுத்தபோது "முன்னாள்" என்ற சொல்லை மட்டும் சின்ன எழுத்தில் வெட்டச் சொன்னீர்களே, அதை நினைத்து இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

இதையெல்லாம் எழுதலாம். எழுதத் தொடங்கினால் அந்த அட்டைச் சொல்லில் வந்து நிற்கிறேன். இல்லையென்று சொல்லாதவர். அது உண்மை. உண்மை என்பதால்தான் எனக்கு இப்போது ஒன்றும் விளங்கவில்லை.

வருகிற செவ்வாய்க்கிழமை காணிக் கச்சேரி. எந்தக் காணி யாருக்கு என்று அதிகாரிகள் இருந்து கேட்டு முடிவு சொல்கிற நாள். வாய்க்காலுக்கு அங்கால் உள்ள இரண்டேக்கர் வயலுக்கு இரண்டு பேர் உரிமை கேட்டிருக்கிறார்கள். ஒன்று மாரியாயி. மற்றது உங்கள் தங்கையின் மகன் ரூபன். இரண்டு பேரும் கடிதம் காட்டியிருக்கிறார்கள். இரண்டும் உங்கள் கடிதம். இரண்டும் என் கையெழுத்தில்.

உங்கள் கடிதங்கள் எப்படிப் பிறந்தன என்று மலரை வாசிக்கிறவர்களுக்குத் தெரியாது. விடியக் காலையில் விறாந்தையில் சனம் இருக்கும். நீங்கள் சொல்லச் சொல்ல நான் மூலை மேசையில் காபன் வைத்து எழுதுவேன். காபன் எடுக்க முதலே, வந்தவருக்கு முன்னால் நீங்கள் கையெழுத்து வைத்து முத்திரை குத்துவீர்கள். பிறகு நான் கொப்பியில் பதிவேன்: யார் வந்தது, என்ன கேட்டது, யாருக்குக் கடிதம். கடைசியில் "என்ன நடந்தது" என்று ஒரு கட்டம் நான் என் எண்ணத்துக்குப் போட்டுக்கொண்டது. அதில் பாதிக்கு மேல் வெறுமையாகவே கிடக்கிறது.

"உம்மடை கொப்பி எதிர்க்கட்சிக்காரன்ரை கையிலை அகப்பட்டா அடுத்தமுறை எனக்குக் கட்டுக்காசும் மிஞ்சாது" என்று பகிடி விடுவீர்கள்.

பழைய கொப்பிகள் இடப்பெயர்வோடு போய்விட்டன. மீளக் குடியேறித் தறப்பாள் கொட்டிலில் இருந்த நாளிலிருந்துதான் இப்போது என்னிடம் இருக்கிறது. அதில் மாரியாயிக்கு எழுதியது முதல் கொப்பியிலேயே வருகிறது: "இவரை எனக்கு நீண்ட காலமாக நன்கு தெரியும். மேற்படி காணியைக் காடு வெட்டித் திருத்தி இன்றுவரை பயிர் செய்து வருபவர் இவரே." நீங்கள் மாகாண சபைக்குப் போன பிறகு ரூபனுக்கு எழுதியது ஆறாவது கொப்பியில்: "இவரை எனக்கு நீண்ட காலமாக நன்கு தெரியும். இவரது தந்தையின் பெயரில் வழங்கப்பட்ட மேற்படி காணியில் இவர் தொடர்ந்து பயிர் செய்து வருகின்றார்."

அந்தக் காலையை நினைவிருக்கிறதா? நான் பேனையை நிறுத்தினேன். ரூபன் கதிரையில் இருக்கும்போதே கேட்டேன்.

"இது மாரியாயியின்ரை காணியெல்லோ?"

"எழுதும். பிறகு பாப்பம்."

எழுதினேன். பிறகு எப்போது பார்க்க இருந்தீர்கள்?

போன கிழமை மாரியாயி வந்தாள். கடிதத்தைப் பொலித்தீன் பையில் மடித்துச் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்தாள். மலையகத்திலிருந்து வந்து இத்தனை வருடமாகியும் அவளுடைய பேச்சு அப்படியே இருக்கிறது.

"வாசிச்சுக் காட்டுங்கம்மா. ஐயா என்னா எழுதியிருக்காருன்னு என் காதால கேட்டுக்கிறேன்."

வாசித்தேன். "நன்கு தெரியும்" என்ற இடத்தில் மறித்தாள்.

"தெரியாமலா? ஓட்டுக் கேட்டு வந்தப்பல்லாம் வழி கேக்காமத்தான் வந்தாரு." பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "ரூபன் தம்பி லெட்டர்லயும் இதே வரி இருக்குதாமே. எங்க ரெண்டு பேரையும் நல்லாத் தெரியுமுன்னா, யாரைத்தாம்மா கூடத் தெரியும் ஐயாவுக்கு?"

தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். வேறு என்ன கொடுக்க?

போகும்போது சொன்னாள்: "கடுதாசிய வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதாம். எழுதின ஆளு வந்து சொல்லணுமுன்னு காணி ஆபீசுல சொல்லிட்டாங்க. எழுதினது நீங்கதானே?"

அடுத்த நாள் ரூபன் வந்தார். அவரைக் கெட்டவர் என்று எழுத என் கை போகாது. கிழமைக்கு இரண்டு முறை உங்களை ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், இரத்தம் சுத்திகரிக்கும் வரை வாசலில் காத்திருந்தவர் அவர்தான். எங்களுக்குப் பிள்ளை இல்லாததால் உங்களுக்குக் கொள்ளி வைத்ததும் அவர்தான். அவருடைய தகப்பனின் பெயரில் அரசாங்கத்தின் காணிப் பேர்மிட் இருந்ததும் பொய்யில்லை. அது இடப்பெயர்வில் தொலைந்துபோனதும் பொய்யில்லை.

"மாமி, நீங்கள் கூடக் கதைக்கத் தேவையில்லை. மாமா சொல்லச் சொல்ல நான்தான் எழுதினனான் எண்டு மட்டும் சொல்லுங்கோ. பொய்யில்லைத்தானே?"

"பொய்யில்லை."

"பிறகென்ன?"

"தொடர்ந்து பயிர் செய்யிறார் எண்டு அதிலை கிடக்கு. நீர் எந்தப் போகம் விதைச்சனீர் தம்பி?"

அவர் சிரித்தார். "எழுதச் சொன்னது மாமா. எழுதினது நீங்கள். இப்ப என்னட்டைக் கேக்கிறியள்!"

அவர் சைக்கிளில் கால் வைத்தபடி நின்றார். குரல் மாறியது.

"எனக்கும் ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள் மாமி. வேறை என்ன கிடக்கு அதுகளுக்கு? வாற மாதம் திவசமும் வருது. மாரியாயியின்ரை பேரனே வந்து செய்யப்போறான்?"

நான் எழும்பிப் போய் இரண்டு கொப்பியையும் எடுத்து மேசையில் வைத்தேன்.

யாரிடம் கேட்பது? தண்ணீரூற்று ஊருக்குப் பஸ் எடுத்து உங்களுடைய பழைய செயலாளர் கனகலிங்கத்திடம் போனேன். நீங்கள் முதன்முதல் சபைக்குப் போனதிலிருந்து கூட இருந்தவர், உங்கள் மனசு அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். இரண்டு கடிதத்தின் காபன் பிரதியையும் கொண்டுபோயிருந்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கையெழுத்தை மட்டும் பார்த்தார், மற்ற எதையும் பார்க்கவில்லை.

"அக்கா, உங்களுக்குத் தெரியாதே? ஐயாவுக்கு ரெண்டு கையெழுத்து. முழுப்பெயரும் வைச்சா, கட்டாயம் செய்து குடுங்கோ எண்டு அர்த்தம். சுருக்கிக் கீறினா, வந்தவருக்காகத் தந்தது, கிடக்கட்டும் எண்டு அர்த்தம். கந்தோருகளிலை எல்லாருக்கும் தெரியும்."

"எனக்குத் தெரியாது."

"வந்த சனத்துக்கும் தெரியாதுதானே" என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார்.

"அப்ப இந்த ரெண்டிலை எது முழு?" என்று கேட்டேன்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இரண்டும் சுருக்கு.

திரும்பி வரும்போது பஸ்ஸில் யன்னல் பக்கம் இருந்தும் எங்கே வருகிறேன் என்று தெரியவில்லை. நம்பி வந்த இரண்டு பேருக்கும் நீங்கள் ஒன்றும் செய்யவில்லை, இரண்டு வீட்டு வாக்கையும் வைத்துக்கொண்டீர்கள் என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. மற்றப் பக்கம், கிடக்கட்டும் என்றால் அந்தக் காணி மாரியாயியிடம்தானே கிடந்தது? நீங்கள் இருந்தவரை யாரும் அவளை அங்கிருந்து எழுப்பவில்லை. தங்கையோடும் முறியாமல், அவளையும் எழும்ப விடாமல், உங்கள் ஆயுள் முழுக்க அதை அப்படியே தாங்கிப் பிடித்தீர்களா? அப்படியென்றால் உங்களுக்குப் பிறகு என்ன ஆகும் என்று யோசிக்கவில்லையா? ஒருவேளை யோசித்துத்தான், எழுதினவள் இருக்கிறாள் என்று விட்டுவிட்டீர்களா? இல்லை, நான்தான் உங்களுக்கு நல்ல காரணம் தேடித் தைக்கிறேனா?

உங்களோடு இத்தனை காலம் ஒரே மேசையில் இருந்தேன். எந்தக் கையெழுத்தை எப்போது வைத்தீர்கள் என்று ஒருநாளும் குனிந்து பார்க்கவில்லை. மை காய முதலே கொப்பியைத் திறந்துவிடுவேன்.

வெள்ளிக்கிழமை அம்மாள் கோயிலுக்குப் போனேன். வெள்ளைப் பூ ஒன்றும் சிவப்புப் பூ ஒன்றும் தனித்தனி இலையில் மடித்துக் கட்டிக்கொண்டு போனேன். வழக்கம்போலக் கேள்வியை மனசில் வைத்து, காலடியில் இரண்டையும் போட்டு, ஒன்றை எடுத்து அவிழ்த்துப் பார்ப்பது. நீங்கள் ஒவ்வொரு தேர்தலுக்கு நிற்க முதலும் நான்தானே போய்ப் பார்த்து வருவேன். வெள்ளை வந்தால்தான் நியமனப் பத்திரம்.

கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். கேள்வியை மனசில் வைக்க வேண்டும். வெள்ளை வந்தால் என்ன, சிவப்பு வந்தால் என்ன? கண்டதைச் சொல்லட்டா, மறைக்கட்டா என்றா கேட்பது? பொய்க்கு உத்தரவு கேட்டு அம்மாளுக்கு முன்னால் நிற்க எனக்கு எப்படி வாய் வரும்? கேள்வி வரவில்லை. ஐயர் தீபத்தோடு வந்து, "என்ன அம்மா, எடுக்கேல்லையோ?" என்றார். இரண்டு இலையையும் பிரிக்காமல் அவரிடமே கொடுத்து, அம்மாளுக்குச் சாத்திவிடச் சொன்னேன்.

நான் கண்டது கொப்பிக்கு முந்தியது. உங்களைக் கட்டி இந்த ஊருக்கு வந்த வருடம், குளத்துக்குக் குளிக்கப் போகிற பாதையில் அந்த இடம் பாலை மரமும் வீரை மரமுமாய் நின்ற காடு. மாரியாயியும் அவளுடைய மனுசனும் வேர் கிளப்புவார்கள். இடுப்பில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு அவள் மண்வெட்டி போடுவாள். அடுத்த வருடம் அங்கே அவளுடைய மனுசனைப் பாம்பு கடித்தது, அவர் தப்பவில்லை. பேர்மிட் கொடுத்தபோது இவர்களின் பெயர் பட்டியலில் இல்லை, உங்கள் தங்கை புருசனின் பெயர் இருந்தது. அவர் ஒரு போகம்கூட அதில் இறங்கவில்லை. இடம்பெயர்ந்து திரும்பி வந்து முதல் மாரியில் காலபோக நெல் விதைத்ததும் அவள்தான். இது எந்தக் கடிதத்திலும் முழுதாக இல்லை. என் கண்ணில் மட்டும் இருக்கிறது.

அதனால் இதை உங்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் போவேன். மாரியாயியோடும் போகமாட்டேன், ரூபனோடும் போகமாட்டேன். கண்டதைச் சொல்வேன். ரூபனின் கடிதத்தில் உள்ள அந்த ஒரு வரி உண்மையில்லை, உண்மையில்லை என்று தெரிந்துகொண்டே எழுதிய கை என்னுடையது என்றும் சொல்வேன். நீங்கள் ஏன் எழுதச் சொன்னீர்கள் என்று கேட்டால், தெரியாது என்பேன். அதுவும் உண்மைதான். அதிகாரி என்ன தீர்ப்பார் என்பதும் எனக்குத் தெரியாது.

வாசிகசாலைக்காரர் இந்தப் பக்கத்தைப் போட விரும்பாவிட்டால் விடட்டும். மலரில் வேறு பதினெட்டுப் பேரின் பக்கங்கள் இருக்கின்றன, அவற்றில் இருப்பதும் நீங்கள்தான்.

திவசத்தைப் பற்றி ஐயரிடம் கேட்டேன். செய்ய ஆள் இல்லாவிட்டால் மனைவி தர்ப்பையை ஐயரிடம் கொடுத்து அவரைக் கொண்டே செய்விக்கலாம் என்றார். ஆனால் உடனே அந்த வழிக்குப் போக எனக்கு மனமில்லை. இன்னும் ஒன்று செய்ய இருக்கிறது.

கச்சேரி முடிந்ததும் வீட்டுக்கு வரமாட்டேன். நேரே ரூபன் வீட்டுக்குப் போவேன். இன்னொருவர் வாயால் அவர் கேட்க முதல், நான் என்ன சொன்னேன் என்பதை அவர் முகத்தைப் பார்த்து, ஒரு சொல் விடாமல் சொல்வேன். அவர் ஏசினால் ஏசட்டும். கதவைச் சாத்தினால் படியில் இருப்பேன். அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வரும் வரைக்கும் இருப்பேன். இல்லையென்று சொல்லிவிட்டு நீங்கள் ஒருவர் வீட்டிலும் போய் இருக்காத படி அது. உங்களுக்காகவும் சேர்த்து நான் இருந்துவிட்டு வருகிறேன். இது என் வாக்கு.

என்றும் உங்கள் மனைவி,
பூமணி