நீல டிரம்மில் சிறுகீரை

9 பிப்ரவரி 2025, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்து, புடவைகூட மாற்றாமல் மொட்டைமாடிக்கு ஓடினேன். சிறுகீரை ஒரு சாண் வளர்ந்திருக்கிறது. கிள்ளினால் தண்டு நொறுக்கென்று உடைகிறது. சரியான பதம்.

தண்ணீர்த் தொட்டிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவில் ஒரு பாய் விரிக்கிற இடம்தான் எனக்கு. அதில் நான்கு அரை டிரம், இரண்டு பெயின்ட் வாளி. கிறிஸ்துமஸுக்கு முன் என் கணவர் பெஞ்சமின் எங்கிருந்தோ இரண்டு நீல டிரம் கொண்டுவந்து குறுக்கே அறுத்துத் தந்தார். அப்பா ஆயுசு முழுக்க அடுத்தவர் கழனியில்தான் நட்டார், களை எடுத்தார். இது என் கீரை என்று சொல்லிக்கொள்ள எனக்கு இந்த அரை டிரம் போதும்.

கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்கார சம்பூர்ணம்மா படியேறி வந்தார். மோட்டார் விஷயம் தவிர வேறு எதற்கும் ஏறி வராதவர். மகள் கீர்த்தனா சீமந்தம் முடிந்து பிரசவத்துக்கு வந்திருக்கிறாளாம்.

"கடைக்கீரையில மருந்து வாடை வருதுன்னு தொடவே மாட்டேங்குது. உன்னுதுல ரெண்டு பிடி குடேன் ஜாக்குலின்."

முறம் நிறையக் கொடுத்தேன். பச்சைக் கீரை வாங்கிக்கொள்வார். என் அடுப்பில் வெந்தது எதையும் இந்த மூன்று வருஷத்தில் வாங்கியதில்லை, கிறிஸ்துமஸ் கேக்கைக்கூட. ஏன் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பேசினதில்லை.

14 பிப்ரவரி

கத்தரியில் முதல் பூ!

21 பிப்ரவரி

நான்காவது டிரம்மில் வெந்தயம் முளைத்த வேகத்தில் நுனி கருகிச் சாய்ந்துவிட்டது. மற்ற மூன்றும் செழிப்பாக இருக்கின்றன. வெயிலோ? அதே வெயில்தானே எல்லாவற்றுக்கும்.

கீர்த்தனாவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் கீரை போகிறது. படியடியில் பார்த்தபோது, "உங்க புதினாவுல தொவையல் அரைச்சாதான்க்கா எனக்குச் சோறே எறங்குது" என்றாள். அன்றைக்கு முழுக்க வேலையே பாரமாகத் தெரியவில்லை.

5 மார்ச், சாம்பல் புதன்

மாமல்லபுரம் ரிசார்ட்டில் துணி மடிக்கும் லினன் ரூமில் எனக்கு வேலை. கருப்பன் அண்ணன் அங்கே தோட்டம் பார்க்கிறார். சாப்பாட்டு நேரத்தில் வெந்தயம் கருகிய கதையைச் சொன்னேன்.

"எதுல வெச்சிகீறே?"

"நீல டிரம்முலண்ணே."

"அதுல முன்ன இன்னா இருந்துச்சி?"

எனக்குத் தெரியவில்லை.

"கேட்டுக்கம்மா. ஆசிட்டும் அதுலதான் வருது, பூச்சி மருந்தும் அதுலதான் வருது."

சொல்லிவிட்டு அவர் ஹோஸை இழுத்துக்கொண்டு போய்விட்டார். நான் ஒரே பெட்ஷீட்டைப் பிரிப்பதும் மடிப்பதுமாக இருந்தேன்.

6 மார்ச்

பெஞ்சமினிடம் கேட்டேன். பாலா கொடுத்தானாம். பாலா அவருடைய சித்தப்பா மகன், லாரி ஓட்டுகிறான்.

"அவனுக்கு எங்கேர்ந்து வந்துச்சி?"

"எனுக்கு இன்னா தெரியும்? நல்லா கீதேன்னு எடுத்தாந்தேன். சோப்புத்தூள் போட்டுக் கழுவினேன்ல? சும்மா பேஜார் பண்ணாத."

பாலாவின் போன் சுவிட்ச் ஆஃப். லோடு ஏற்றிக்கொண்டு ஆந்திரா பக்கம் போயிருக்கிறானாம். டிரம்மின் வயிற்றில் லேபிளைக் கிழித்த பசைத் தடம் மட்டும் இருக்கிறது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். ஓர் எழுத்துகூட இல்லை.

நானும் அவரும் தின்றது போகட்டும். அந்தப் பெண் வயிற்றில் பிள்ளையோடு தின்றிருக்கிறாளே.

8 மார்ச்

சம்பூர்ணம்மா கீரை கேட்டார். முத்திப்போச்சும்மா என்று பொய் சொன்னேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. நாளை மதுராந்தகத்தில் சொந்தக்காரர் கல்யாணம், அம்மாவும் மகளும் போகிறார்களாம். நல்லது, நாளைக்குக் கேட்க மாட்டார்.

மகள் சிநேகா ஹாஸ்டலில் இருந்து பேசினாள். "ஏம்மா குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள். சளி என்றேன். இன்று இரண்டாவது பொய்.

10 மார்ச்

விடிந்ததும் கீழே ஒரே சத்தம். கீர்த்தனாவுக்கு வாந்தி, நிற்கவே இல்லை. கார் வரவழைத்துச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். அவளைத் தாங்கிப் பிடித்துக் காரில் ஏற்றியதே நான்தான். அவள் உள்ளங்கை சில்லென்று இருந்தது.

வேலைக்குப் போகவில்லை. மாடியில் போய் உட்கார்ந்தேன். கீரையைப் பார்க்கவே பயமா இருக்கு. கர்த்தாவே, நான் இன்னா பண்ணிட்டேன்? அந்தக் கொழந்தைக்கு ஒண்ணும் ஆகக் கூடாது. வேற எதுவும் நான் கேக்கல.

பெஞ்சமின் வந்து பக்கத்தில் நின்றார். "எல்லாத்தையும் புடுங்கிக் கடாசிடலாம். டிரம்மக்கூட காயலான் கடையில போட்டுடறேன். யாருக்குத் தெரியப் போவுது?"

யாருக்கும் தெரியாதுதான். தெரிந்தால் என்ன பேசுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஜாக்குலின் என்று சொல்ல மாட்டார்கள். இவங்க கையால வாங்கித் தின்னா இப்படித்தான் ஆகும் என்பார்கள்.

ஆனால் டாக்டருக்குத் தெரிய வேண்டாமா? தெரியாமல் எப்படி வைத்தியம் பார்ப்பார்?

11 மார்ச்

சொல்லிவிட்டேன்.

வார்டுக்கு வெளியே பெஞ்சில் சம்பூர்ணம்மா தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்காரத் தைரியம் வரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். டிரம்மில் முன்பு என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது, கேட்காமலே நட்டுவிட்டேன், முத்திப்போச்சு என்றது பொய், டாக்டரிடம் சொல்லுங்கள்.

நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஒரு மாசமா என் பொண்ணுக்கு இன்னாத்தக் குடுத்தே நீ?"

"தெரியலம்மா."

"தெரியலன்னு வந்து நிக்கிறே!" குரல் உடைந்துவிட்டது. "போ. என் கண்ணு முன்னால நிக்காத."

ஆனால் எழுந்து நேரே நர்ஸிடம்தான் போனார். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். டாக்டரும் வந்தார். அதைப் பார்த்த பிறகுதான் பஸ் ஏறினேன். வழியெல்லாம் அழுகை. ஆனாலும் நெஞ்சில் இருந்த கல் கொஞ்சம் நகர்ந்த மாதிரி இருந்தது. வீட்டைக் காலி செய்யச் சொன்னாலும் சொல்வார். சொல்லட்டும்.

12 மார்ச்

காலையில் போன். சம்பூர்ணம்மா.

"ஜாக்குலின், அந்தக் கல்யாணத்துல சாப்ட்ட பாதி பேருக்கு இதே கதைதானாம். மாப்ள வூட்டுக்காரங்களே ரெண்டு பேரு டிரிப்ஸ் ஏத்திகினு கீறாங்க. நான் அங்க மோரு மட்டும் குடிச்சேன், தப்பிச்சேன்."

கீர்த்தனாவுக்கு வாந்தி நின்றுவிட்டது. ஸ்கேன் பார்த்தார்களாம், குழந்தை நன்றாக இருக்கிறது. டிரம் விஷயம் கேட்டு டாக்டர் ரத்தமும் பார்த்தாராம். பயப்பட ஒன்றும் இல்லை, ஆனால் டிரம்மில் என்ன இருந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள், அதுவரை அந்தக் கீரை வேண்டாம் என்றிருக்கிறார்.

போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு வார்த்தை ஜெபித்தேன்.

"கீறியா? நொய்க்கஞ்சி குடுக்கச் சொல்றாங்க. கேன்டீன்ல வாங்க எனக்கு மனசு வரல. நீ வெச்சி எடுத்தாயேன்."

"கீழ் வூட்டுச் சாவி என்கிட்ட இல்லியேம்மா?"

"சாவி இன்னாத்துக்கு? உன் வூட்லயே வெச்சி எடுத்துகினு வா. சீக்கிரம் வா, புள்ள பசியில கீது."

நொய்யை வறுத்துக் கஞ்சி வைத்து, பிளாஸ்க்கில் ஊற்றி ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனேன். பிளாஸ்க்கைத் திறந்து அவரே டம்ளரில் ஊற்றினார். "உப்பு போட்டியா?" என்று மட்டும் கேட்டார். போட்டேம்மா என்றேன். கீர்த்தனா முழுதும் குடித்தாள்.

14 மார்ச்

கீர்த்தனா வீட்டுக்கு வந்துவிட்டாள். மாடியில் நான் எதையும் தொடவில்லை. கீரை தண்டு தடித்துப் பூவெடுத்துவிட்டது. அப்படியே நிற்கட்டும்.

16 மார்ச், ஞாயிறு

பாலா வந்துவிட்டான். புது சிம்மோடு.

"இன்னா அண்ணி, இதுக்கா இத்தினி கலாட்டா? அது ஊறுகாய் டிரம்மு!"

நம்பவில்லை நான். கண்ணால் பார்க்க வேண்டும் என்றேன். பெஞ்சமின் பைக்கை எடுத்தார். அச்சரப்பாக்கம் தாண்டி ஒரு சின்ன ஊறுகாய் கம்பெனி. கூடத்தில் வரிசையாக அதே நீலம், அதே கறுப்பு மூடி. உப்பில் ஊறின மாங்காய்த் துண்டு அதில்தான் வருகிறதாம். லேபிளைக் காட்டினான் பாலா, எங்கள் டிரம்மில் பசைத் தடம் இருக்கும் அதே இடத்தில் ஒட்டியிருந்தது. காலியான டிரம்களைத் தாங்களே அவனுக்குக் கொடுத்ததாக மேஸ்திரியும் சொன்னார்.

காலி டிரம் ஒன்றில் தலையை விட்டு மூச்சு இழுத்தேன். மாங்காய். உப்பு. வாயில் எச்சில் ஊறிவிட்டது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, உள்ளேயே கொஞ்சநேரம் அப்படியே இருந்தேன்.

"இன்னாம்மா, உள்ளயே எறங்கிடுவே போல கீதே" என்றாள் மாங்காய் கிளறிக்கொண்டிருந்த ஒரு பெண். எல்லோரும் சிரித்தார்கள்.

வரும் வழியில் பெஞ்சமின்தான் சொன்னார். நான்காவது டிரம்மைக் கழுவும்போது இருட்டிவிட்டதாம், சும்மா ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்துவிட்டாராம். உப்பு! வெந்தயம் பாவம். திட்டலாம் என்று பார்த்தேன், அவர் முதுகில் சாய்ந்துகொண்டு வந்துவிட்டேன்.

நேரே கீழ்வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். சம்பூர்ணம்மா "அப்பாடா" என்று தரையிலேயே உட்கார்ந்தார்.

"டாக்டர் சொன்னாலும் எனக்கு மனசு ஆறல. தெனம் மலைக்கோயிலப் பார்த்து கற்பூரம் ஏத்திகினுதான் கீறேன். உன்கிட்ட சொன்னா நீ இன்னும் பயப்படுவேன்னு சொல்லல."

அப்படியானால் இத்தனை நாளும் இரண்டு பேரும் தனித்தனியாகப் பயந்துகொண்டிருந்திருக்கிறோம். ஒருத்தி கீழே, ஒருத்தி மேலே.

17 மார்ச்

நன்றாகத் தூங்கினேன். பஸ்ஸிலும் தூங்கினேன்.

23 மார்ச்

நான்காவது டிரம்மின் மண்ணைக் கொட்டி, தேய்த்துக் கழுவிக் காயவைத்தோம். புது மண், மட்கின சாணி. பெஞ்சமின் முழுநாளும் கூடவே இருந்தார். இதில் பொன்னாங்கண்ணிக் குச்சி நட்டிருக்கிறேன்.

20 ஏப்ரல், ஈஸ்டர்

சிநேகா வந்திருக்கிறாள். கத்தரிக்காய் பறித்துக் குழம்பு வைத்தேன், எட்டுப் பேருக்கு வைக்கிற மாதிரி. கீழே ஒரு கிண்ணம் போனது. கீர்த்தனாவால் இப்போது படியேற முடியவில்லை, "உங்க செடியெல்லாம் வீடியோ எடுத்துக் காட்டுங்கக்கா" என்கிறாள்.

26 ஏப்ரல்

பெண் குழந்தை. சுகப்பிரசவம். ஸ்தோத்திரம்.

4 மே, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. ஆராதனை முடிந்து வந்து மாடியேறினால், எனக்கு முன்பே சம்பூர்ணம்மா அங்கே இருக்கிறார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மடியில் பொன்னாங்கண்ணியைப் பறித்துப் போட்டுக்கொண்டிருந்தார். கேட்கவில்லை, கொள்ளவில்லை. சாய்ந்திருந்த கத்தரிச்செடிக்குக் குச்சிகூட ஊன்றிவிட்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும், "இன்னா ஜாக்குலின், இந்த வெயில்ல இதுங்கள இப்படி வாட வுட்டுட்டு கோயிலுக்குப் போய்ட்டே?" என்று அதட்டினார்.

"இதோம்மா" என்று வாளியை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனேன்.