சித்திரையில் பார்த்த பள்ளம்

கீழ்வேளூர்
2.6.1997

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் அனீஸாவும் சுகம். நீங்கள் லீவு முடிந்து போன நாளிலிருந்து அவள் இரண்டு தலையணை வைத்துத்தான் படுக்கிறாள், ஒன்று அத்தாவுக்காம்.

நீங்கள் சொல்லிவிட்டுப் போன தோட்ட டிசைனர் சென்னையிலிருந்து வந்தார். பெயர் ஆன்டோ. கல்யாணத்துக்குப் பந்தல்காரர் வரப் பார்த்திருக்கிறேன், புல் முளைக்க வைக்க ஓர் ஆள் சென்னையிலிருந்து வருவதை இப்போதுதான் பார்க்கிறேன். மரியாதையான பிள்ளை. இரண்டு நாள் டேப் பிடித்து அளந்து, கலர் பென்சிலால் படம் போட்டிருக்கிறார். இத்துடன் அனுப்புகிறேன். கொல்லை முழுக்கப் புல்வெளி, நடுவில் நீரூற்று, ஓரமாக ஆறு ராயல் பாம் மரம்.

மேற்கிலிருந்து கிழக்கே நம் கொல்லையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் பள்ளத்தைக் காட்டி, அது என்னவென்று என்னிடம் கேட்டார். தை மாதம்தான் இந்த வீட்டுக்குக் குடிவந்தவள், அதுவும் நாகப்பட்டினத்துக் கடைத்தெருவில் வளர்ந்தவள், எனக்கு என்ன தெரியும்? உங்கள் தம்பி ஷேக் பரீத், "அது சும்மா கெடக்குற பள்ளந்தான், தூத்துடலாம்" என்றார். காய்ந்து வெடித்துத்தான் கிடக்கிறது. நீங்கள் சரி என்று எழுதினால் செம்மண் வந்து இறங்கும்.

உங்கள் அன்பு மனைவி
ஹமீதா பானு


ஷார்ஜா
17.6.1997

அன்புள்ள ஹமீதாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். படத்தை ரூமில் என் கட்டிலுக்கு மேல் ஒட்டியிருக்கிறேன். எட்டுப் பேரும் மாறி மாறி வந்து பார்க்கிறார்கள்.

உன்னிடம் சொல்வதற்கென்ன, பதினான்கு வருஷமாக இங்கே அரபி வீட்டுப் புல்லுக்குத் தண்ணீர் விடுகிறேன். போர்மேன் ஆன பிறகும் அந்தப் புல்லில் ஒருநாள் உட்கார்ந்ததில்லை. உட்காரக் கூடாது. டிசைனர் வரைந்துகொண்டு வந்து முதலாளியிடம் நீட்டும்போது நான் பைப்பைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பேன். என் வீட்டுக்கும் ஒரு டிசைனர் வந்து என் சம்மதம் கேட்க வேண்டும் என்று அப்போதே மனதில் போட்டு வைத்தது. அவன் கேட்டுவிட்டான். நான் சம்மதம் சொல்லிவிட்டேன்.

பள்ளத்தைத் தூர்க்கச் சொல். நான் ஒவ்வொரு லீவிலும் அதில் இறங்கி ஏறியவன்தான், செருப்புகூட நனைந்ததில்லை.

அன்புடன்
ஜெக்கரியா


கீழ்வேளூர்
20.8.1997

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். புல் பிடித்துவிட்டது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை.

ஆனால் ஒரு விஷயம். பூத்தில் போன் பேசினால் வரிசையில் நிற்பவர்கள் எல்லாம் காது கொடுக்கிறார்கள், அதனால் எழுதுகிறேன். நமக்கு மேற்கே குடிசை போட்டிருக்கும் பூவம்மாளைத் தெரியுமல்லவா? மரத்திலிருந்து விழுந்து கால் விளங்காமல் கிடக்கும் ரெத்தினம் அண்ணனின் மனைவி. நடவு வேலையாக வெளியூர் போயிருந்தவள், வந்ததும் நம் கொல்லையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். "ஏம்மா இத அடைச்சீங்க? ஐப்பசி பொறந்தா மேக்கால உள்ள வயத்தண்ணி பூரா இதுலதாம்மா வடியும்" என்றாள்.

அது வடிகாலாம் மச்சான். பள்ளம் இல்லை.

ஆன்டோவுக்கு எழுதிக் கேட்டேன். மண்ணுக்கு அடியில் ஆறு இஞ்சு குழாய் போட்டிருக்கிறேன், பயப்பட வேண்டாம் என்று பதில் போட்டார். அதைப் பூவம்மாளிடம் சொன்னேன். அவள் சிரிக்காமல், குழாய் இவ்வளவுதான் என்று கையை விரித்து ஒரு சாண் காட்டினாள், பிறகு வரும் தண்ணீர் இவ்வளவு என்று நம் சுவரிலிருந்து வேலி வரை நடந்து காட்டினாள். மேற்கு ஓரத்தில் புல்லில் நடந்தால் கால் புதைகிறது என்கிறாள் அனீஸா. மழையே இன்னும் வரவில்லை.

உங்கள் அன்பு மனைவி
ஹமீதா பானு


ஷார்ஜா
6.9.1997

அன்புள்ள ஹமீதாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். நான் அந்த ஊரில் பிறந்தவன். நீ தை மாதம் வந்தவள். பூவம்மாள் பேச்சைக் கேட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. அடுத்தவன் வீட்டில் நல்லது நடந்தால் நாலு பேர் நாலு சொல்வார்கள்.

படித்த பையன் குழாய் போட்டிருக்கிறான் என்றால் யோசிக்காமலா போட்டிருப்பான்? புல் வேர் பிடிக்கிற நேரத்தில் வெட்டினால் அவ்வளவுதான், எனக்குத் தெரியாத புல்லா? சித்திரையில் லீவு கேட்டிருக்கிறேன். வந்து என் கண்ணால் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை யாரும் மண்வெட்டி வைக்கக் கூடாது என்று தம்பிக்கும் எழுதியிருக்கிறேன்.

அன்புடன்
ஜெக்கரியா


கீழ்வேளூர்
28.10.1997

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஆறு நாளாக மழை. பூத்து போனும் செத்துக் கிடக்கிறது. நம் பக்கம் ஒரு சொட்டுக்கூட நிற்கவில்லை. புல் பளபளவென்று இருக்கிறது. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

தண்ணீர் எல்லாம் மேற்கே நிற்கிறது. பூவம்மாள் குடிசைக்குள் முழங்கால் வரை. ரெத்தினம் அண்ணனின் கட்டிலைச் செங்கல் அடுக்கி உயர்த்தியிருக்கிறார்கள். மண்சுவரின் அடிப்பக்கம் கறுத்துவிட்டது. குழாயின் வாயில் சருகும் சேறும் அடைத்துக்கொள்கிறது, காலையும் மாலையும் பூவம்மாள் குச்சியால் குத்திவிடுகிறாள்.

வெட்டிவிட வேண்டும் என்று உங்கள் தம்பியிடம் சொன்னேன். "அண்ணன் எழுதட்டும் மச்சி" என்கிறார். ரெத்தினம் அண்ணனை நம் வீட்டுக்குத் தூக்கிவரச் சொன்னேன். அவர் கேட்கவில்லை. "உங்க வீட்டுக்காரரு கடுதாசி வந்துரும்ல, வெட்டுனா ஒரே நாள்ல வடிஞ்சிரும். அதுக்குள்ள என்னை ஏன் தூக்கி அலையணும்" என்றார். நீங்கள் ஒரு வரி எழுதினால் போதும் மச்சான். வெட்டு என்று ஒரே ஒரு வரி. எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்கள்
ஹமீதா


ஷார்ஜா
9.11.1997

அன்புள்ள ஹமீதாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். மழை என்றால் தண்ணீர் நிற்கத்தான் செய்யும். இரண்டு நாள் வெயில் அடித்தால் தானாக வடிந்துவிடும். பொறுமையாக இரு. இவ்வளவு தூரத்தில் இருப்பவனுக்கு அந்தப் புல் ஒன்றுதான் ஆறுதல், அதையும் வெட்டச் சொல்லாதே. சித்திரை தூரம் இல்லை.

மழையில் புல் நல்ல பச்சையாக இருக்கும். ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. ரூமில் எல்லோரும் கேட்கிறார்கள்.

அன்புடன்
ஜெக்கரியா


நாகப்பட்டினம்
30.11.1997

ஜெக்கரியா மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மா வீட்டிலிருந்து எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் 20ஆம் தேதி வியாழக்கிழமை வந்தது. அதற்கு முதல் நாள் மண்வெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு புல்லில் போய் நின்றேன். நாளைக்குக் கடிதம் வந்துவிடும், ஒருநாள்தானே என்று திரும்ப வைத்துவிட்டேன். அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை பூவம்மாள் கஞ்சி வாங்க வந்து நம் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். மேற்கே ஏதோ சரிகிற சத்தம் கேட்டது. சுவர் கட்டிலின் மேல் விழுந்துவிட்டது. ஆட்கள் மண்ணை அள்ளி எடுத்தபோது ரெத்தினம் அண்ணன் உயிரோடு இல்லை.

பிறகு நான் யாரையும் கேட்கவில்லை. உங்கள் தம்பி வந்து தடுத்தார். நகராவிட்டால் மண்வெட்டி உங்கள் காலில் விழும் என்றேன், நகர்ந்துவிட்டார். நானும் பூவம்மாளின் உறவுக்காரர்கள் நாலு பேரும் வெட்டினோம். ஒரு மாதம் நின்ற தண்ணீர், மச்சான், சாயந்திரம் அஸர் தொழுகைக்குள் வடிந்துவிட்டது.

 பூவம்மாள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. வீட்டுச் சாவியை அவளிடம் கொடுத்திருக்கிறேன். அவள் இனி அங்கேதான் இருப்பாள், யாரும் கிளப்பக் கூடாது என்று ஷேக் பரீதிடம் சொல்லியிருக்கிறேன். நீங்களும் எழுதுங்கள்.

போட்டோ கேட்டிருந்தீர்கள். ஸ்டூடியோக்காரரைக் கூப்பிட்டு எடுத்தேன். இத்துடன் இருக்கிறது. நடுவில் தெரிவது வடிகால்.

பதினான்கு வருஷமாக நீங்கள் சித்திரையிலும் வைகாசியிலும்தான் ஊரைப் பார்த்திருக்கிறீர்கள். இனி வருவதானால் ஐப்பசியில் வாருங்கள். வடிகாலில் இறங்கி நில்லுங்கள், பிறகு நாகப்பட்டினம் வந்து என்னைக் கூப்பிடுங்கள், யோசிக்கிறேன். சித்திரையில் வந்தால் நான் கதவைத் திறக்க மாட்டேன்.

அனீஸா சுகம். இப்போது ஒரு தலையணைதான் வைத்துக்கொள்கிறாள்.

ஹமீதா பானு