நீ போட்ட மைனஸ்

என் பூங்கொடிக்கு,

நீ போய் இத்தனை வருஷம் கழித்து எழுதுகிறேன், அதுவும் கோபத்தில். உன் அண்ணன் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அவள் பி.எஸ்ஸி. பிசிக்ஸ் கடைசி வருஷமாம். கையில் நம் காலத்துக் கைடு, அட்டை மட்டும் புதுசு.

"எல்லாரும் இதத்தானுங்க அம்மிணி வாங்கறாங்க. குவாண்டம் மட்டும் புள்ளைக்கு வெளங்கலையாம். காலேஜுல பிசிக்ஸ் நடத்தறவங்க, நீங்கதான் சொல்லிக்குடுக்கோணும்" என்றார்.

பிரித்துப் பார்த்தேன். ஷ்ரோடிங்கர் சமன்பாட்டின் தொடக்கத்தில் வரவேண்டிய மைனஸ் இன்னும் வரவில்லை.

ஞாபகம் இருக்கிறதா? சாமளாபுரம் பஸ்ஸில் பனியன் பெட்டி அட்டையில் வரைந்து காட்டினாயே. "மைனஸ் இருந்தாத்தான் சைன் அலை வரும், பெட்டியோட ரெண்டு சுவத்துலயும் பூஜ்யமாகும். இல்லாட்டி இந்தப் பெட்டிக்குள்ள எலக்ட்ரானுக்கு எடமே இல்ல புள்ள!" கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

பரீட்சையில் இதே சமன்பாடு வந்தது; நான் அந்தக் கேள்வியைச் சாய்ஸில் விட்டேன். வகுப்பே கைடை ஒப்பித்துப் பாஸானது. நீ மைனஸ் போட்டு எழுதினாய், உனக்கு அரியர். கைடை வைத்துக்கொண்டுதான் திருத்தினார்கள் என்று நம் சார் பிறகு தலையைக் குனிந்தபடி சொன்னார். அந்தத் தலையை, தாள் திருத்திய அறையிலேயே நிமிர்த்தியிருந்தால் என்ன?

"பெயிலான புள்ளைக்கு இன்னும் என்ன படிப்பு?" என்று உன் அண்ணன் ஒரே பேச்சில் முடித்தார். எம்.எஸ்ஸி. படிக்கவேண்டியவள் பனியன் கம்பெனியில், செக்கிங் மேஜையில் துணியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தாய். மஞ்சள் காமாலை வந்தபோதும், சரக்கு அனுப்பும் ஷிப்மெண்ட் நேரம் என்று கம்பெனியில் லீவு தரவில்லை. காமாலைதான் உன்னைக் கொண்டுபோனது என்கிறார்கள். என் மனம் ஒப்பவில்லை.

"உங்க தங்கச்சி பெயிலாகலீங்க. இந்தக் கைடுதான் தப்பு" என்றேன்.

"பழசெல்லாம் எதுக்குங்க அம்மிணி? எத எழுதுனா மார்க்கோ அதச் சொல்லிக்குடுங்க."

ஓங்கி ஒன்று விடலாம் போல இருந்தது. காபி கொடுத்தேன். வேறென்ன செய்ய?

பிறகு அந்தப் பெண்ணிடம், என்ன விளங்கவில்லை என்று கேட்டேன். அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இதுலருந்து சைன் எப்படீங்க வரும்?" என்றாள்.

கைடில் இருப்பதிலிருந்து வராது என்று அவளுக்கே பட்டிருக்கிறது, பூங்கொடி.

அவளுக்கு மைனஸோடுதான் சொல்லிக்கொடுக்கப் போகிறேன். இந்த வருஷம் விடைத்தாள் திருத்த என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். எந்தப் பிள்ளையின் தாளானாலும் சரி, நான் இருக்கும் அறையில் அந்தச் சின்ன மைனஸ் கோட்டை ஒருவரையும் அடிக்க விடமாட்டேன். சண்டை வந்தால் வரட்டும். உனக்காக ஒருவரும் போடாத சண்டை அது.

ஒரே பெஞ்சில் உன் பக்கத்தில் உட்கார்ந்த, உடன்பிறவாத உன் அக்கா,
சரசு