மேடை ஏறியவர்கள்

ஹோம்புஷ்,
4 மே 2025

அன்பு சிவாஜினி,

மெல்பர்ன் குளிரும் மாமியாரும் உன்னிடம் அன்பாக இருப்பதாக நினைத்துக்கொள்கிறேன். போனில் எனக்குப் பேச்சு வராது, அதனால் எழுதுகிறேன்.

உன் கல்யாண வீடியோவை நானே எடிட் செய்கிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். யூனிவர்சிட்டியில் நாம் எடுத்த குறும்படத்துக்குப் பிறகு ஆறு வருஷமாக எடிட்டிங் பக்கமே போகவில்லை. இப்போது சாஃப்ட்வேரைத் திறந்தால் விமானம் ஓட்டும் அறை மாதிரி இருக்கிறது. யூடியூபில் கற்றுத்தருபவர் "ரொம்ப ஈஸி" என்கிறார். சொல்லிக்கொண்டே ஏழு பட்டன் அழுத்துகிறார். நேற்று சத்தம் தனியாக நழுவிவிட்டது. உன் கணவர் தாலி கட்டி முடித்து மூக்கைத் துடைக்கும்போது கெட்டிமேளம் கொட்டியது. சரிசெய்துவிட்டேன்.

மூன்றரை மணி நேரத்தை இருபத்திரண்டு நிமிடமாக்கியிருக்கிறேன். லிங்க் கீழே. ஞாயிறன்று மாமி தைரியமாக எல்லோருக்கும் போட்டுக் காட்டலாம்.

உன்,
லக்ஷ்மிப்ரியா

மெல்பர்ன்,
12 மே 2025

லக்ஷ்மிப்ரியா,

நேற்று வீட்டில இருபத்தாறு பேர். மாமி ரோல்ஸ் பொரிச்சு, கதிரையெல்லாம் வரிசையாப் போட்டு வச்சவ. படம் முடிஞ்சும் ஒருத்தரும் எழும்பேல்லை. மிச்சம் வருமெண்டு காத்திருந்தவை.

கடைசியா அருமைநாதன் அங்கிள் கேட்டார்: "பிள்ளை, நாங்கள் எங்க?"

அன்னம்மா அன்ரி: "பிரிஸ்பேன்ல இருந்து பிளேன் ஏறி வந்தனான். புதுச் சீலை. என்ர முதுகு மட்டும்தான் கிடக்கு!"

குடும்பம் குடும்பமா மேடைக்கு வந்து எங்களோட நிண்டதை ஏன் வெட்டினனீ? "உன்ர சிநேகிதிக்கு எங்கட சனத்தைப் பிடிக்கேல்லையோ?" எண்டு மாமி கேட்டா. கலியாணம் முடிஞ்சு ரெண்டு மாசம்தான். நான் என்னத்தைச் சொல்ல? உன்னில எனக்கு நல்ல கோபம்.

சிவாஜினி

ஹோம்புஷ்,
13 மே 2025

அன்பு சிவாஜினி,

மன்னித்துவிடு. அந்தப் பகுதி நாற்பத்து மூன்று நிமிடம். எல்லோரும் லைட்டைப் பார்த்து அசையாமல் நின்றார்கள். கம்ப்யூட்டர்தான் நின்றுவிட்டது என்று இரண்டு முறை அணைத்துப் போட்டேன்.

எங்கள் ஊரிலும் கல்யாண வீடியோ என்றால் இதுதான். எங்கள் வீட்டில் முதலில் டிகிரி வாங்கியவள் நான். கூடவே கொஞ்சம் ரசனைத் திமிரும் வாங்கிவிட்டேன் போலிருக்கிறது. எல்லாக் குடும்பத்தையும் திரும்பச் சேர்த்துவிட்டேன். அன்னம்மா அன்ரியின் சேலை பதினொரு செகண்ட் முழுதாகத் தெரிகிறது. மாமியிடம் என் சார்பாக மன்னிப்புக் கேள்.

லக்ஷ்மிப்ரியா

மெல்பர்ன்,
18 மே 2025

அன்பின் லக்ஷ்மிப்ரியா,

மாமி மூண்டு தரம் பார்த்திட்டா. "கெட்டிக்காரப் பிள்ளை" எண்டவ. அவவுக்குக் குறை தீர்ந்துது.

எனக்குத் தீரேல்லை. எல்லாரும் வந்திட்டினம், நீ எங்கயடி? மேடைக்கு மாட்டன் எண்டு நிண்டவளைக் கையில பிடிச்சு இழுத்து என்ர பக்கத்தில நிப்பாட்டினது நான்தானே? என்னட்டக் கேக்காமல் உன்னை வெட்ட உனக்கு என்ன உரிமை?

சிவா

ஹோம்புஷ்,
18 மே 2025

சிவா,

முதலில் வெட்டியதே அதைத்தான். இப்போது சேர்த்துவிட்டேன். முப்பத்தோராவது நிமிடம், ஒன்பது செகண்ட். நீ சிரிக்கிறாய், நான் கேக்கைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

தயவுசெய்து என் கண்களைப் பெரிதாக்கிப் பார்க்காதே.

உன்,
லக்ஷ்மி