தலையாட்டும் குட்டி

12.8.06, சனி. வெயில். காற்றே இல்லை.

இன்று வீட்டில் சொல்லாதது: பூனைக்குட்டிக்கு இது சரியாகாது.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் தெளிவாகவே சொன்னார். தாய்ப்பூனை சினையாக இருந்தபோது ஏதோ வைரஸ் தாக்கியிருக்கிறது. வயிற்றிலிருந்த குட்டிக்குச் சிறுமூளை வளரவில்லை. அதனால்தான் நடந்தால் தள்ளாட்டம், பாலைக் கண்டால் தலையாட்டம். வலி கிடையாது. இனி அதிகமாகவும் ஆகாது, குறையவும் செய்யாது. மனிதருக்குத் தொற்றாது. தட்டை உயரமாக வைத்தால் போதும், நன்றாகவே வாழும்.

அண்ணனும் கூடவே நின்று கேட்டான். பைக்கில் திரும்பும்போது, சிறுமூளை என்றால் என்ன என்றான். ரயில்வே கேட் அடைத்திருந்தது. நூலகத்தில் படித்ததையெல்லாம் சேர்த்து, ரயில் போகும்வரை விளக்கினேன். இத்தனை கவனமாக என் பேச்சை அவன் கேட்டதே இல்லை. சந்தோஷம்.

அம்மாவிடம், "கொஞ்ச நாள்ல சரியாயிரும்" என்றேன். அண்ணன் மறுக்கவில்லை. என் கட்சி.

14, திங்கள். மூட்டம்.

வாங்க வேண்டியவை: ரீஃபில், சீயக்காய், சின்ன ஸ்டூல் (குட்டியின் தட்டுக்கு).

பக்கத்து வீட்டு அக்கா: "என்னடி, ஒன்னய மாதிரியே எல்லாத்துக்கும் மாட்டேன்னு தலையாட்டுது? மாப்பிள்ளை போட்டோவக் காட்டுனீகளோ?" நானும் சிரித்தேன்.

மதினிக்கு ஐந்தாம் மாதம். குட்டி வந்தால் எழுந்து போய்விடுகிறாள்.

16, புதன். காலையில் தூறல்.

அச்சகத்தில் காலண்டர் சீசன். புரூஃப் முடித்து ஆறு மணிக்கு வந்தால் குட்டி இல்லை. ஸ்டூல் கழுவிக் கவிழ்த்திருந்தது.

அண்ணன்தான் சொன்னான்: "எம். புதுப்பட்டிக்கு லோடு ஏத்தப் போனேன்ல. வேன்ல கொண்டுபோய் பட்டாசுக் கம்பெனி வாசல்ல விட்டுட்டேன். அங்கன எலி நெறைய."

"அதுக்குத் தட்டுல வாய் வைக்கவே வராதுண்ணே."

"நீதான புள்ள சொன்ன, வயித்துக்குள்ள இருக்கும்போதே வர்றதுன்னு. ஒன் மதினிய நெனைச்சியா?"

"மனுசருக்கு வராதுன்னாரே. நீயுந்தான கேட்ட."

"கேட்டேன். அன்னைல இருந்து எனக்குத் தூக்கமில்ல."

அம்மா அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. குட்டிக்குச் சரியாகாது என்று அவளுக்கும் முன்பே தெரியும்; அண்ணன் சொல்லியிருக்கிறான். ரயில்வே கேட்டில் நான் அவனிடம் சொன்ன வார்த்தைகள்தான், ஒன்றுவிடாமல்.

17, வியாழன்.

லீவு. முதல் பஸ். கம்பெனி வாசலில் வாட்ச்மேன்.

"அந்தத் தள்ளாடுன குட்டியா தாயி? பட்டாசு மருந்தத் தின்னுருச்சுன்னுல நெனைச்சோம். இங்கன ஆளுக வாயில மருந்து பட்டுட்டா உப்புத்தண்ணி குடுத்துக் கக்க வைப்போம். பாவம்னு நாலு பேரு பிடிச்சு ஊத்துனாக. தலை ஒரு எடத்துல நிக்கலையே. பொரையேறி அங்கனயே போயிருச்சு."

எப்போது என்று கேட்டேன். நேற்று மதியச் சாப்பாட்டு நேரம். மதில் ஓரம் புதைத்திருக்கிறார்கள்.