தூசுக்கு அந்தாண்ட

மாலை போடுவதற்கு உங்கள் படத்தைப் பெரிசாக்க இன்று விழுப்புரத்தில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனேன். கம்ப்யூட்டரில் உங்கள் முகத்தைப் பெரிதாக்கிய பெண், திரையில் தாடையோரம் விரலை வைத்தாள்.

"பழைய படம்மா, தூசு உக்காந்துருக்குது. எடுத்துடட்டுமா?"

நம் திண்டிவனம் ஸ்டுடியோவுக்குப் போய்விட்டது மனசு.

ஐந்தாவதோடு நின்று உங்களுக்கு வாக்கப்பட்டவள் நான். கல்யாணப் பெண்ணின் பருவை நெகட்டிவில் பென்சிலால் மறைக்கவும், கறுப்புப் புள்ளியை பிளேடு முனையால் சுரண்டவும் நீங்கள்தான் பழக்கினீர்கள். தை பிறந்து வானம் தெளிந்தால் போதும், கேமராவோடு பெருமுக்கல் மலைக்குக் கிளம்பிவிடுவீர்கள். கேமராவுக்கு அடியில் கீல் போட்ட இரண்டு பலகை, ஒரு திருகாணி. வானம் நகர நகர அதைத் திருகிக்கொண்டே இருக்க வேண்டுமாம். ஒருமுறை பாறையில் வழுக்கித் தாடை கிழிந்து வந்தீர்கள்.

"எதுக்குங்க இந்தப் பேஜாரு?" என்றேன்.

"வானத்துல புகையாட்டம் தூசு மேகம் இருக்குது புள்ள. அதுக்கு அந்தாண்ட ரொம்ப தூரத்துல வேற நட்சத்திரக் கூட்டம். தூசு வழியா அது படத்துல விழுதான்னு பாக்கறேன்."

மூன்றாம் வருசம் அது படத்தில் விழுந்தது. நெகட்டிவைக் காயப்போட்டுவிட்டு ஒரு கல்யாணத்துக்குப் படமெடுக்கப் போய்விட்டீர்கள். எடுத்துப் பார்த்தேன். நெகட்டிவில் நட்சத்திரமெல்லாம் கறுப்பாகப் பொட்டுப் பொட்டாக இருந்தன. ஓரத்தில் ஒன்று மட்டும் ஈரக்கை பட்ட கறை மாதிரி மங்கலாக. நீங்கள் சந்தோசப்படுவீர்கள் என்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு பிளேடால் அதைச் சுரண்டிவிட்டேன்.

வந்ததும் விளக்கில் பிடித்துப் பார்த்தீர்கள். வெகுநேரம் பார்த்தீர்கள்.

"சுத்தமா இருக்குதுங்களா?" என்று வேறு கேட்டேன்.

"அது தூசு இல்ல புள்ள" என்றீர்கள். அவ்வளவுதான்.

அன்று நான் உலை வைக்கவில்லை. பக்கோடாப் பொட்டலத்தோடு வந்து உட்கார்ந்தீர்கள். "அவ்ளோ தூரத்துல இருக்கறது, உன் கைக்கு எட்டிச்சே. எனக்குத்தான் எட்டல" என்று சிரித்தீர்கள். மறுநாள் காலையில் கல்யாண நெகட்டிவையும் அதே பிளேடையும் என்னிடமே கொடுத்தீர்கள். அதன் பிறகு எத்தனையோ தடவை மலையேறினீர்கள். ஊரில் வெளிச்சம் கூடிப்போனது. அது மறுபடி விழவே இல்லை. ஒருநாள்கூடச் சொல்லிக் காட்டவில்லை நீங்கள்.

இன்றைக்கும் எதில் கறை கண்டாலும் என் கை ஒரு கணம் நின்றுதான் துடைக்கிறது.

"என்னம்மா, எடுத்துடட்டுமா?" அந்தப் பெண் மறுபடி கேட்டாள்.

பெருமுக்கல் பாறை போட்ட தழும்பை ஒருதரம் பார்த்துக்கொண்டேன்.

"அது தூசு இல்ல பாப்பா" என்றேன். "உட்டுடு."