இலுப்பை மரத்து மூச்சு

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
கார்த்திகை மாதம்

என் அக்கா மங்களத்துக்கு,

நலமா என்று எழுதப்போனேன். கை நின்றுவிட்டது. ஆவணியில் உன்னைச் சுடுகாட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தவனே நான்தானே? ஆனாலும் உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. நாளைக்குள் ஒரு காரியம் செய்தாக வேண்டும். உன்னிடம் சொல்லாமல் அதைச் செய்ய எனக்குத் தைரியம் இல்லை.

புரட்டாசிக் கடைசியில், விளக்கு வைக்கிற நேரத்தில், கொல்லைப்புறத்து இலுப்பை மரத்திலிருந்து உன் இழுப்புச் சத்தம் கேட்டது. இழுத்து, சற்று நின்று, சீறி விடுகிற அதே மூச்சு. மறுநாளும் கேட்டது. உனக்கு இழுப்பு வரும்போது வைப்பதுபோல் வெந்நீர் வைத்து டம்ளரை ஜன்னல் ஓரத்தில் வைத்தேன். ஆறியதும் செடிக்கு ஊற்றினேன். படித்தவன் செய்கிற காரியமா என்று நீ சிரிப்பாய். ஆனால் தினமும் வைத்தேன்.

எனக்கு மட்டும் கேட்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் பக்கத்து வீட்டு ஏகாம்பரம் தறியை விட்டு எழுந்து வந்தான்.

"ஐயா, தப்பா நெனைக்காதீங்க. அக்கா இன்னும் போவல. மரத்துல குந்திக்கினு மூச்சு வாங்குது. புள்ளைங்க கொல்லைப் பக்கம் போவ பயப்படுதுங்க."

"நான் ஒண்ணும் பயப்படல" என்று அவன் பின்னாலிருந்து ஒரு குரல். அவன் மகள் தேவகி. நீ பின்னிவிடுவாயே, அந்த இரட்டைச் சடைக்காரி. "மதில் மேல ஏறிப் பாத்தேன்பா. பொந்துக்குள்ள ஆந்தைக் குஞ்சு இருக்குது. வெள்ளையா மூஞ்சி. அதுங்கதான் பசிக்கு அப்படிக் கத்துதுங்க."

மரத்தடியில் பொறுக்கிய ஒரு கறுப்பு உருண்டையைக் காட்டினாள். குச்சியால் பிளந்தாள். உள்ளே மயிரும், நகமளவு சின்னச் சின்ன மண்டையோடுகளும். "ஆந்தை முழுங்கிட்டுக் கக்குனது. எல்லாம் எலி. போன மாசம் உன் பாவு நூலைக் கடிச்சுதே, அந்த எலிங்க."

தறியில் ஏற்றும் பாவு நூலுக்குப் போடுகிற கஞ்சிக்கு எலி வரும் என்று உனக்குத் தெரியும். ஏகாம்பரம் உருண்டையைப் பார்த்தான், மகளைப் பார்த்தான்.

"ஆந்தைன்னா இன்னும் மோசம்டி. ஆவியாச்சும் தெரிஞ்ச மனுஷி."

தீபாவளிக்கு முதல்நாள் சாயங்காலம் ஆண்கள் ஏணியோடு வந்தார்கள். சட்டியில் நெருப்பும் மிளகாயும். ஒருவன் கையில் பெரிய வெடி. பொந்துக்குள் புகை போட்டு, பிறகு வெடியைப் போடுவதாக ஏற்பாடு. தேவகியும் அவள் வகுப்புப் பிள்ளைகளும் மரத்தைச் சுற்றிக் கைகோத்து நின்றார்கள். "நவுருங்கடி, கோலாட்டம் ஆடுறாளுங்க" என்று யாரோ அவள் சடையை இழுத்தார்கள். அவள் நகரவில்லை. என்னைப் பார்த்தாள்.

நீ இருந்திருந்தால் நான் வாயைத் திறக்க வேண்டியிருந்திருக்காது. "உனக்கும் சேத்து நானே பேசிக்கினு இருக்கேன், நான் போனா என்னாடா பண்ணுவே?" என்று எத்தனை முறை கேட்டிருக்கிறாய்! அது பறவை, விட்டுவிடுங்கள் என்று சொல்லத்தான் முன்னால் போனேன். வாயில் வந்தது வேறு.

"அக்காவுக்குப் புகை ஆகாதுப்பா."

உன் இழுப்புக்காக எத்தனை தீபாவளிக்கு இந்தத் தெரு கோடிக்குப் போய் வெடி வைத்தது! ஏகாம்பரம்தான் முதலில் சட்டியை இறக்கினான். "ஆமா. ஆவாது" என்று தண்ணீரை ஊற்றினான். மற்ற பிள்ளைகள் குதித்தார்கள். தேவகி மட்டும் என் அருகில் வந்து, "பொய் சொன்னீங்க, தாத்தா" என்றாள்.

பொய்யா, அக்கா? அன்றைக்கும் நான் வெந்நீர் வைத்தேன்.

போன வாரம் காலையில் தேவகி ஒரு துண்டில் சுற்றி எடுத்து வந்தாள். செத்துப்போன பெரிய ஆந்தை. உடம்பில் காயம் இல்லை. மரத்தடியில் பாதி தின்ற எலி கிடந்ததாம். மழைக்கு எலி பெருத்துவிட்டதென்று தெருவில் பல வீடுகளில் சோற்றில் பாஷாணம் பிசைந்து வைத்திருக்கிறார்கள். அதைத் தின்ற எலியை இது தின்றிருக்கிறது. துண்டை என் மடியில் வைத்தாள். இவ்வளவு பெரிய பறவை அவ்வளவு இலேசாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

அன்று முதல் பிள்ளைகள் வீடு வீடாகப் போகிறார்கள். பாஷாணம் வேண்டாம், பொறி வையுங்கள், காலையில் பொறியை நாங்களே தூக்கிக்கொண்டுபோய் ஏரிக்கரையில் திறந்துவிடுகிறோம் என்கிறார்கள். உண்டிவில் வைத்திருந்த பையன்கள்கூட அதை வீட்டில் போட்டுவிட்டுப் பொறி தூக்க வந்துவிட்டார்கள். ஆனால் பெரியவர்கள் சிரிக்கிறார்கள். "எந்த ஆந்தைடி? மரத்துல இருக்கறது மங்களம்மா. அவங்க தம்பியே சொன்னாரே."

நேற்று தேவகி ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"ஆவி எலி திங்காது தாத்தா. ஆந்தை திங்கும். இன்னும் ஒரு பெரிய ஆந்தைதான் பாக்கி. அதுவும் செத்துட்டா குஞ்சுங்க என்னா பண்ணும்? நீங்க சொன்னாத்தான் நிறுத்துவாங்க."

நேற்று மாலை சத்தம் மெலிந்திருந்தது, அக்கா. உன் கடைசி நாட்களில் மெலிந்ததே, அப்படி. ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டேன். எது நின்றுவிடும் என்று பயப்படுகிறேன்? குஞ்சுகளின் பசியா, உன் மூச்சா? அது பறவை என்று என் வாயால் சொல்லிவிட்டால், நாளைக்கு அது கத்தும்போது நான் யாரைக் கேட்டுக்கொண்டிருப்பேன்?

இன்னொன்றும் கேட்க வேண்டும். ஒருவேளை நீ உண்மையிலேயே அங்கே இருந்தால், நீ இல்லை என்று நான் சொல்வதைக் கேட்டு உனக்கு வருத்தமாக இருக்குமா?

விடிந்ததும் ஏகாம்பரம் தெருவில் பாவு விரிக்கிறான். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தெருவே நூலைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஒருவரும் கையை எடுக்க முடியாது. நான் பேசினால் கேட்டுத்தான் ஆக வேண்டும். தேவகியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு மூன்று வாக்கியம் சொல்லப்போகிறேன். மரத்தில் இருப்பது ஆந்தை. தயவுசெய்து பாஷாணம் வைக்காதீர்கள். என் அக்கா இறந்துவிட்டாள்.

முதல் இரண்டையும் இந்த அறையில் சொல்லிப் பார்த்துவிட்டேன். மூன்றாவது இன்னும் வாயில் வரவில்லை. ஆனால் நாளை சொல்லிவிடுவேன், அக்கா. இது உனக்கு நான் தரும் வாக்கு.

நீ பேசி வளர்த்த தம்பி,
சுந்தரம்